கலங்கலுக்குப் பெரிய இரை, தெளிவுக்குச் சிறிய இரை: கிராப்பி அறிவுரையை நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

அமெரிக்க ஏரிகளில் கிராப்பி மீன் பிடிக்கத் தொடங்கும் எவருக்கும் முதல் சில வாரங்களிலேயே ஓர் அறிவுரை பல வாய்களிலிருந்து வந்து சேரும்: நீர் கலங்கியிருந்தால் பெரிய இரையைப் போடுங்கள், தெளிந்திருந்தால் சிறிய இரையைப் போடுங்கள். பெரிய இரைக்குத்தான் பெரிய மீன் வரும் என்பதும் அதனுடன் சேர்ந்தே வரும். இரை விற்பவரும், படகுத்துறையில் நிற்பவரும், பல ஆண்டுகள் அனுபவம் உள்ளவரும் இதையே சொல்வார்கள். இதன் பின்னால் நியாயமான காரணம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கலங்கல் நீரில் எப்போதும் பெரிய இரையை மட்டுமே போட்டு வந்த ஒருவருக்கு, அதே நேரத்தில் அதே இடத்தில் சிறிய இரையைப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அவர் மீன் பிடித்தது உண்மை. அது இரையின் அளவால்தான் நடந்தது என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை.

இந்த உறுதியை ஒரு புதியவர்கூடத் தேடிக்கொள்ள முடியும். இரண்டு தூண்டில் கோல்கள், ஒரு குறிப்பேடு, வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய ஒரு வட்டத் தட்டு, கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும். இரையின் அளவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்திருப்பதுதான் இதில் கடினமான பகுதி. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

மீனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

கிராப்பி வட அமெரிக்காவுக்கே உரிய நன்னீர் மீன். வெள்ளைக் கிராப்பி, கருப்புக் கிராப்பி என இரண்டு இனங்கள் உண்டு. உடல் நிறம் நீருக்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறுவதால் நிறத்தை நம்பி இனம் பிரிக்கக் கூடாது. முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் உள்ள முட்களை எண்ணுவதே நம்பகமான வழி. ஏழு அல்லது எட்டு முட்கள் இருந்தால் கருப்பு. ஆறோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் வெள்ளை. இந்த வேறுபாடு நம் சோதனைக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. கருப்புக் கிராப்பி தெளிந்த, நீர்ச்செடிகள் நிறைந்த இடங்களை விரும்புகிறது. வெள்ளைக் கிராப்பி கலங்கலை நன்கு தாங்கிக்கொள்கிறது. எனவே ஏரியின் தெளிந்த பகுதியிலும் கலங்கிய பகுதியிலும் கிடைக்கும் மீன்களை ஒப்பிடும்போது, நீரை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு வேறு இனங்களை ஒப்பிட்டுவிடும் வாய்ப்பு உண்டு. பிடித்த ஒவ்வொரு மீனின் முள் எண்ணிக்கையையும் எழுதி வைப்பது இதனால்தான்.

உணவுப் பழக்கமும் முக்கியம். கிராப்பியின் செவுள்களில் நெருக்கமான சீப்புப் பற்களைப் போன்ற அமைப்பு உண்டு. அதன் உதவியால் அது வளர்ந்த பிறகும் மிகச் சிறிய மிதவையுயிரிகளைச் சலித்து உண்ணக்கூடியது. அதே மீன் ஷாட் எனப்படும் சிறு மீன்களையும் விழுங்குகிறது. ஒரு முழு விரல் நீளமுள்ள இரையும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்ணுயிரும் ஒரே வாய்க்குள் போகின்றன என்றால், “கிராப்பிக்குப் பிடித்த அளவு” என்று ஒன்றே ஒன்று இருக்க முடியாது என்பது தொடக்கத்திலேயே தெரிகிறது.

கான்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களில் வெள்ளைக் கிராப்பி இரை தேடும் விதத்தைக் கூர்ந்து கவனித்தார்கள். அது தொடர்ந்து நீந்திக்கொண்டே தேடுவதில்லை. சிறிது தொலைவு நீந்தி, நின்று, சுற்றிலும் பார்த்து, எதுவும் தென்படாவிட்டால் மீண்டும் சிறிது தொலைவு நகர்கிறது. நின்றிருக்கும் அந்தக் கணத்தில்தான் அது இரையைக் கண்டுபிடிக்கிறது. ஓர் இரையை ஓரிடத்தில் அசையாமல் தொங்கவிடுவது ஏன் கிராப்பியிடம் பலிக்கிறது என்பதற்கு இது நல்ல விளக்கம் என்று நான் கருதுகிறேன். கிராப்பியின் கண்கள் தலையின் மேற்பகுதியில் அமைந்திருப்பதால், அது தனக்கு மேலே உள்ளதை நோக்கி எழுந்து வந்து உண்பதையே வழக்கமாகக் கொண்டது. தனக்குக் கீழே கிடக்கும் இரைக்காகக் கீழிறங்குவது அரிது. இந்த ஒரு செய்தியை மறந்தால் சோதனை முழுவதும் வீணாகிவிடும். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

அறிவுரையைப் பிரித்துப் பார்த்தல்

“கலங்கலுக்குப் பெரிய இரை” என்ற வாக்கியத்துக்குள் இரண்டு வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. பெரிய இரை கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பது ஒன்று. பெரிய இரை அசையும்போது அதிக நீரைத் தள்ளுவதால், மீன் தன் உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டின் மூலம் அந்த அதிர்வை உணரும் என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

முதல் காரணம் கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும், ஒளியின் இயல்பை எண்ணிப் பார்த்தால் அதன் வலு குறைகிறது. தெளிந்த நீரில் ஒரு சிறு பொருள் எவ்வளவு தொலைவிலிருந்து தெரியும் என்பதைப் பெரும்பாலும் கண்ணின் கூர்மையே முடிவு செய்கிறது. அங்கே இரையைப் பெரிதாக்கினால் அது தெரியும் தொலைவும் கணிசமாகக் கூடும். கலங்கிய நீரில் நிலைமை வேறு. நீரில் மிதக்கும் மண் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால், இரைக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு தொலைவு கூடக்கூட மிக வேகமாக மங்குகிறது. ஒவ்வொரு சாண் தொலைவிலும், மிஞ்சியிருப்பதில் ஒரு பங்கு மறைந்துகொண்டே போகிறது. அங்கே இரையை இரு மடங்கு நீளமாக்கினாலும், அது தெரியும் தொலைவு சிறிதளவே கூடும். அதாவது, பார்வையை மட்டும் வைத்துப் பார்த்தால், பெரிய இரையால் கிடைக்கும் கூடுதல் பயன் கலங்கல் நீரைவிடத் தெளிந்த நீரில்தான் அதிகமாக இருக்க வேண்டும். அறிவுரை சொல்வதற்கு இது நேர் எதிரானது. தெளிந்த நீரில் மீன் இரையைத் துல்லியமாகப் பார்த்துச் சந்தேகம் கொள்ளலாம், ஆகவே சிறியது நல்லது என்று இதற்குப் பதில் சொல்வார்கள், அதுவும் சாத்தியமே. எது மேலோங்குகிறது என்பதை ஏரியில்தான் பார்க்க முடியும்.

சோதிக்க வேண்டிய கூற்றுகளை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள்: அசையாமல் தொங்கும் இரையில், நீர் கலங்கக் கலங்கப் பெரியதன் பங்கு கூடுகிறதா? அசைத்து இழுக்கும் இரையில் அதே மாற்றம் தெரிகிறதா? பெரிய இரையில் பிடிபடும் மீன்கள் உண்மையிலேயே நீளமானவையா? முதல் கூற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

ஏரிக்குப் போகும் முன்

நீங்கள் இருக்கும் மாநிலத்தின் வனவுயிர்த் துறையிடமிருந்து மீன்பிடி உரிமம் பெற்று, அவ்வாண்டின் விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள். ஒருவர் எத்தனை தூண்டில் போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மினசோட்டாவின் பெரும்பாலான ஏரிகளில் கோடைக்காலத்தில் ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். டெக்சஸில் பொது விதியாகக் கிராப்பி 10 அங்குல நீளமாவது இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு 25-க்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதே மாநிலத்தின் ஃபோர்க் ஏரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குறைந்தபட்ச நீளம் இல்லை; பிடித்த மீனைத் திரும்ப விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் ஆழத்திலிருந்து மேலே இழுக்கப்படும் கிராப்பி, காற்றுப்பை விரிந்துபோவதால் திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது என்பதே இதற்குக் காரணம். ஆகவே, மீனை விட்டுவிடும் எண்ணத்தோடு சோதனை செய்கிறவர்கள் ஏறக்குறைய 25 அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் தூண்டில் போடாமல் இருப்பதே நல்லது.

காலத்தையும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீரின் வெப்பம் ஏறத்தாழ 16 முதல் 20 டிகிரி செல்சியஸை எட்டும் வசந்த காலத்தில் கிராப்பிகள் கரையோரம் வந்து முட்டையிடுகின்றன. அப்போது ஆண் மீன் கூட்டைக் காவல் காத்துக்கொண்டு, அருகில் வரும் எதையும் துரத்தித் தாக்கும். பசியால் இரையை எடுப்பதும் கோபத்தால் தாக்குவதும் ஒன்றல்ல என்பதால், அந்த வாரங்களில் கிடைக்கும் முடிவை மற்றக் காலங்களுக்குப் பொருத்த முடியாது. மீன் பிடிக்க மிக எளிதான காலம் அதுதான் என்றாலும், சோதனைக்கு இலையுதிர் காலத்தையே நான் பரிந்துரைப்பேன். வசந்தத்தின் பிற்பகுதியில் பிறந்த ஷாட் குஞ்சுகள் அதற்குள் வளர்ந்து பல அளவுகளில் ஏரியில் இருக்கும். ஆகவே மீனுக்கு அளவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது.

நீரின் தெளிவை அளத்தல்

“கொஞ்சம் கலங்கல்” என்று ஒருவர் சொல்வது இன்னொருவருக்குத் தெளிந்த நீராகத் தோன்றலாம். எனவே அளவு வேண்டும். இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865-இல் கடல் நீரின் தெளிவை அளக்கப் பயன்படுத்திய வட்டத் தட்டு முறையையே ஏரி ஆய்வாளர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். 20 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் மூடி ஒன்றை நான்கு கால் பகுதிகளாகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளுக்குக் கருப்பும் வெள்ளையும் பூசுங்கள். நடுவில் துளையிட்டு, நீளாத கயிறு ஒன்றைக் கோத்து, அடியில் ஈயக்குண்டு ஒன்றைக் கட்டுங்கள். கயிற்றில் 10 செ.மீ.-க்கு ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

படகின் நிழல் விழும் பக்கத்தில், வெயில் உயர்ந்திருக்கும் நேரத்தில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தட்டை மெல்ல இறக்குங்கள். அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறியுங்கள். இன்னும் சிறிது இறக்கிவிட்டு மேலே இழுத்து, மீண்டும் தெரியத் தொடங்கும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரியே அன்றைய அளவு. அதை 30 செ.மீ.-க்குக் குறைவு, 30 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை, ஒரு மீட்டருக்கு மேல் என்று மூன்றாக வகுத்துக்கொண்டால் நம் வேலைக்குப் போதுமானது.

ஆழத்தோடு நிறத்தையும் எழுதுங்கள். மழைக்குப் பின் ஓடை கொண்டுவரும் மண்ணால் பழுப்பாகும் நீரும், கோடையில் பாசி பெருகிப் பச்சையாகும் நீரும், டெக்சஸ் - லூசியானா எல்லையில் உள்ள கேடோ ஏரியைப் போலச் சதுப்பு மரங்களின் இலைச்சாறு இறங்கித் தேநீர் நிறமாகும் நீரும் தட்டில் ஒரே ஆழத்தைக் காட்டக்கூடும். மண் ஒளியைச் சிதறடிக்கிறது. இலைச்சாறு நீல ஒளியை விழுங்கிவிடுகிறது, ஆனால் அதனால் பொருளின் விளிம்பு கலைவதில்லை. மீனின் கண்ணுக்கு இவை ஒரே நிலைமை அல்ல. பழக்கத்தில் இவை எல்லாவற்றையும் “கலங்கல்” என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுவது, அறிவுரைகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு ஒரு பெரிய காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

இரையைத் தயார் செய்தல்

கிராப்பிக்குப் பயன்படும் செயற்கை இரைகளில் மிகப் பரவலானது ஜிக்: தலைப்பக்கத்தில் ஈயம் வார்த்த தூண்டில் முள், அதன் மேல் மென்மையான பிளாஸ்டிக் உடல் ஒன்றைச் செருகுவார்கள். தலையின் எடை அவுன்ஸ் பின்னத்தில் குறிக்கப்படும். 1/32 அவுன்ஸ் என்பது ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு, 1/16 அவுன்ஸ் ஏறத்தாழ 1.8 கிராம், 1/8 அவுன்ஸ் ஏறத்தாழ 3.5 கிராம்.

இங்கேதான் பெரும்பாலான ஒப்பீடுகள் கெட்டுப்போகின்றன. சிறிய இரை என்றால் 1/32 அவுன்ஸ் தலையில் ஓர் அங்குல உடல், பெரிய இரை என்றால் 1/8 அவுன்ஸ் தலையில் மூன்று அங்குல உடல் என்று கடையில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அப்போது நீளம் மட்டுமல்லாமல் எடை, முள்ளின் அளவு, இறங்கும் வேகம், இரை தங்கும் ஆழம் எல்லாம் ஒன்றாக மாறிவிடுகின்றன. கிராப்பி, மெதுவாக இறங்கும் இரையை எடுத்து வேகமாக இறங்கும் இரையை விட்டுவிட்டால், “சின்னதுதான் பிடிக்கிறது” என்ற தவறான முடிவுக்கு நாம் வந்துவிடுவோம்.

எனவே ஒரே நிறுவனத்தின், ஒரே வடிவமும் ஒரே நிறமும் கொண்ட உடல்களை ஓர் அங்குலத்திலும் இரண்டு அங்குலத்திலும் வாங்குங்கள். இரண்டுக்கும் 1/16 அவுன்ஸ் தலையும் ஒரே அளவு முள்ளும் இருக்கட்டும். நிறம் பளிச்சென்ற மஞ்சட்பச்சையாகவோ கருப்பாகவோ இல்லாமல் வெள்ளையாக இருப்பது நல்லது. நிறத்தைப் பற்றிய அறிவுரை இதனோடு கலந்துவிடக் கூடாது. மணம் பூசிய இரையைத் தவிருங்கள். இரண்டு கோல்களும் ஒரே நீளம், ஒரே வகை. இரண்டு ரீல்களிலும் 6 பவுண்டு தாங்கும் ஒரே நைலான் நரம்பு. நரம்பின் தடிமன் மாறினால் இறங்கும் வேகமும் மாறும், தெளிந்த நீரில் அது மீனின் கண்ணிலும் படும்.

தலையின் எடை ஒன்றாக இருந்தாலும், நீண்ட உடல் நீரின் தடையால் சற்று மெதுவாக இறங்கும். படகுத்துறையில் ஆழம் தெரிந்த இடத்தில் இரண்டையும் நேராக விட்டு, கைக்கடிகாரத்தால் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். இந்தச் சிறு வேறுபாட்டைச் சமாளிக்க, முதல் சோதனையில் நழுவும் தக்கையைப் பயன்படுத்துவதே சிறந்த வழி. நரம்பில் நிறுத்து முடிச்சு ஒன்றைப் போட்டுவிட்டால், இரை எப்போதும் அதே ஆழத்தில் போய் நின்றுவிடும். இரை இறங்கும்போது விழும் கடியைத் தனியாகவும், நின்ற பிறகு விழும் கடியைத் தனியாகவும் குறித்து வைத்தால், இறங்கும் வேகத்தின் செல்வாக்கு முடிவில் கலக்காது.

மின்னோ எனப்படும் உயிருள்ள சிறு மீன்களை வைத்தும் இதைச் செய்யலாம்; ஆனால் ஒன்று துடிப்பாகவும் இன்னொன்று சோர்ந்தும் இருப்பதைக் கட்டுப்படுத்த முடியாது. புதியவர்கள் பிளாஸ்டிக்கில் தொடங்குவதே நல்லது.

ஏரியில் செய்ய வேண்டியது

ஒரே நாளில், ஒரே ஏரியில், தெளிந்த நீரும் கலங்கிய நீரும் அருகருகே கிடைக்கும் இடமே இந்தச் சோதனைக்கு மிகச் சிறந்தது. அணை கட்டி உருவான நீர்த்தேக்கங்களில் மழை பெய்து ஓரிரு நாள்களில் இந்த நிலைமை தானாக அமையும்: ஓடை வந்து சேரும் மேல்முனை பழுப்பாக இருக்கும், அணைக்கட்டுப் பக்கம் தெளிவாக இருக்கும், இடையில் ஒரு கோடு கிழித்தாற்போல நிறம் மாறும். மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதியில் வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவதற்காகக் கட்டப்பட்ட ஆர்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனடா ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் கிராப்பிக்குப் பெயர் பெற்றவை. வெள்ளைக் கிராப்பியின் உலகச் சாதனையான 5 பவுண்டு 3 அவுன்ஸ் மீன் 1957-இல் ஈனிடில்தான் பிடிபட்டது. ஆழம் குறைந்த அவற்றின் பரப்பில் காற்று வீசினாலே வண்டல் கிளம்பிவிடும். மாறாக, மிசௌரியின் ஓசார்க் மலைப்பகுதியில் 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட டேபிள் ராக் ஏரி, சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே தெளிந்து கிடப்பது. இந்த இரண்டு இடங்களிலிருந்தும் வரும் அறிவுரைகள் வேறுபடுவதில் வியப்பில்லை. ஆனால் ஒன்றில் பிடித்த மீன் எண்ணிக்கையை மற்றொன்றோடு நேராக ஒப்பிட்டு முடிவு காண முடியாது.

இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கலங்கிய பகுதியில் பத்து மீனும் தெளிந்த பகுதியில் மூன்று மீனும் கிடைத்தால், அது மீன் அங்கே அதிகம் இருந்தது என்பதையோ, தெளிந்த நீரில் படகின் நிழலைக் கண்டு மீன் விலகியது என்பதையோதான் காட்டக்கூடும். நமக்குத் தேவையானது மொத்த எண்ணிக்கை அன்று. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பெரிய இரைக்கு விழுந்ததற்கும் சிறிய இரைக்கு விழுந்ததற்கும் உள்ள விகிதம். நீர் கலங்கக் கலங்க அந்த விகிதம் பெரிய இரையின் பக்கம் சாய்ந்தால் அறிவுரை நிற்கிறது. சாயாவிட்டால் அது நிற்கவில்லை. இரண்டு பகுதிகளிலும் பெரிய இரையே வென்றால்கூட அறிவுரை மெய்ப்பட்டதாகாது, ஏனெனில் அது தெளிவைப் பொறுத்த மாற்றத்தைப் பற்றியே பேசுகிறது.

அடுத்தது ஆழம். மீன் கூட்டம் நிற்கும் ஆழத்தை, ஒலியலைகளால் நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் கருவியிலோ, வெவ்வேறு ஆழங்களில் தூண்டில் போட்டோ முதலில் கண்டுபிடித்து, இரண்டு இரைகளையும் அதற்கு ஓரடி மேலே, ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். ஒன்று மீனுக்கு மேலேயும் இன்னொன்று கீழேயும் நின்றால், முன்பு சொன்னபடி மேலே நிற்பதே வெல்லும். அந்த வெற்றிக்கும் இரையின் அளவுக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. அளவைப் பற்றிச் சொல்லப்படும் அனுபவங்களில் பல உண்மையில் ஆழத்தைப் பற்றியவை என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு தக்கைகளையும் ஐந்தாறு அடி இடைவெளியில், ஒரே மரப்புதரின் அல்லது ஒரே மரத்தூணின் அருகே போடுங்கள். நாணயத்தைச் சுண்டி, எந்த இரை இடப்பக்கம் என்று முடிவு செய்யுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஏனெனில் மரப்புதரின் ஒரு பக்கத்தில் மீன் அதிகமாக இருப்பது மிகவும் சாதாரணம். இருவர் சேர்ந்து போயிருந்தால் கோல்களையும் மாற்றிக்கொள்ளுங்கள்; கைப்பழக்கம் உள்ளவரிடம் ஒரே இரை நாள் முழுவதும் இருந்துவிடக் கூடாது. ஒரு தூண்டிலுக்கு மேல் அனுமதிக்காத மாநிலத்தில், நாணயத்தைச் சுண்டிப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரையை மாற்றிப் போடுவதே வழி. அதற்கு நேரம் கூடுதலாகும், முடிவு அதே அளவு பயனுள்ளதாகவே இருக்கும்.

கலங்கிய பகுதியிலும் தெளிந்த பகுதியிலும் மாறி மாறிச் செல்ல வேண்டும். காலை முழுவதும் ஒன்றிலும் மாலை முழுவதும் மற்றொன்றிலும் இருந்தால், நீரின் வேறுபாட்டோடு வெளிச்சத்தின் வேறுபாடும் கலந்துவிடும். மாலை மங்கிய பிறகு தெளிந்த நீரும் மீனுக்கு இருண்ட நீர்தான். இரண்டாம் நாள் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

கடி விழுந்ததும் கோலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கிராப்பியின் வாயோரச் சவ்வு காகிதம் போல மெல்லியது. பலமாக இழுத்தால் கிழிந்து மீன் நழுவிவிடும். நிதானமாகத் தூக்கினால் போதும். கைகளை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து, வாயை மூடிய நிலையில் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து எழுதுங்கள்.

குறிப்பேடும் கணக்கும்

ஒவ்வொரு கால் மணி நேரச் சுற்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: நேரம், தட்டு காட்டிய ஆழம், நீரின் நிறம், வெயிலா மேகமா, நீரின் வெப்பம், தக்கையின் ஆழம், சிறிய இரைக்கு விழுந்த கடிகள், பெரிய இரைக்கு விழுந்த கடிகள், கைக்கு வந்த மீன்கள், அவற்றின் நீளமும் முள் எண்ணிக்கையும். ஒன்றும் விழாத சுற்றையும் எழுத வேண்டும். கடியையும் பிடிபட்ட மீனையும் தனித்தனியாகக் குறிப்பது முக்கியம்; நீண்ட உடலின் வால் நுனியை மட்டும் கவ்விவிட்டு மீன் போய்விடும்போது, பெரிய இரை ஈர்ப்பில் வென்று பிடிப்பில் தோற்றிருக்கும். அந்த இரண்டும் வெவ்வேறு செய்திகள்.

எத்தனை மீன் கிடைத்தால் நம்பலாம்? இரண்டு இரைகளுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஐந்து மீன்களில் நான்கோ ஐந்தோ ஏதேனும் ஒரே இரையில் விழும் வாய்ப்பு 37.5 விழுக்காடு. பத்தில் எட்டோ அதற்கு மேலோ ஒரே பக்கம் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 11 விழுக்காடு. இருபதில் பதினைந்தோ அதற்கு மேலோ என்றால் அது 4 விழுக்காடாகக் குறைகிறது. ஆகவே, ஒரு காலைப்பொழுதில் ஐந்தில் நான்கு மீன் பெரிய இரையில் வந்தது என்பது எதையும் நிறுவுவதில்லை. ஒவ்வொரு தெளிவு வகையிலும் இருபது மீனாவது சேரும் வரை முடிவு சொல்லாமல் இருப்பதே முறை. அதிலும் ஒரு கவனம் தேவை. கிராப்பி கூட்டமாகத் திரியும் மீன். ஒரு கூட்டம் கடந்துபோகும் ஐந்து நிமிடத்தில் ஒரே இரையில் அடுத்தடுத்து விழுந்த ஆறு மீன்களை ஆறு தனிச் சான்றுகளாகக் கொள்வது மிகை. இருபது மீனும் பல நாள்களிலும் பல இடங்களிலும் பரவி வந்திருக்க வேண்டும்.

பெரிய இரைக்குப் பெரிய மீன் என்ற கூற்றைச் சோதிக்க, அந்தந்த இரையில் வந்த மீன்களின் நீளங்களைத் தனித்தனியே வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் நீளத்தை ஒப்பிடுங்கள். ஒரே ஒரு பெரிய மீன் சராசரியைத் தூக்கிவிடும் என்பதால் சராசரியைவிட இதுவே நம்பகமானது. கிராப்பி ஒரு சில ஆண்டுகளில் ஏராளமாகக் குஞ்சு பொரித்து, வேறு ஆண்டுகளில் மிகக் குறைவாகப் பெருகும் இயல்புடையது. அதனால் ஓர் ஏரியில் ஏறத்தாழ எல்லா மீன்களும் ஒரே வயதாகவும் ஒரே நீளமாகவும் இருக்கும் காலம் உண்டு. அப்படிப்பட்ட ஆண்டில் எந்த இரையைப் போட்டாலும் நீளம் மாறாது. அதைக் கொண்டு அந்தக் கூற்று பொய் என்று சொல்லிவிடக் கூடாது. வேறோர் ஏரியில் மீண்டும் பார்க்க வேண்டும்.

அசையும் இரையைச் சோதித்தல்

தக்கைச் சோதனை முடிந்த பிறகே இதற்கு வர வேண்டும். இப்போது தக்கையை எடுத்துவிட்டு, வால் துடிக்கும் வகை உடல்களை அதே இரண்டு நீளங்களில் செருகி, படகை மெதுவாகச் செலுத்தியபடி இரண்டையும் இழுத்துச் செல்லுங்கள். படகின் வேகமும் நரம்பின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும்; வேகம் கூடினால் இரை மேலெழும், குறைந்தால் தாழும். நீண்ட உடல் சற்று மேலே மிதந்து வருவதால், ஒரே மட்டத்தில் நிறுத்துவதற்கு அதன் நரம்பைச் சில அடிகள் கூடுதலாக விட நேரலாம். சோனாரில் இரண்டு இரைகளும் தெரிந்தால் இதைச் சரிபார்ப்பது எளிது.

தக்கைச் சோதனையில் நீரின் கலங்கலால் விகிதம் மாறாமல், இழுப்புச் சோதனையில் மட்டும் பெரிய இரையின் பக்கம் மாறினால், பார்வையைவிட அதிர்வே காரணம் என்று ஊகிக்க நல்ல ஆதாரம் கிடைத்துவிடும். அதற்குப் பின் கலங்கல் நீரில் நீளத்தைப் பார்த்து வாங்காமல், வால் எவ்வளவு வலுவாகத் துடிக்கிறது என்பதைப் பார்த்து வாங்கலாம். இரண்டிலும் மாற்றம் இல்லை என்றால், அந்த ஏரியில் இரண்டு அளவு இரைகளையும் சுமந்து செல்ல வேண்டிய தேவை இல்லை. அந்த நேரத்தை மீன் நிற்கும் ஆழத்தைத் தேடுவதில் செலவிடலாம்.

கார்மின் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த லைவ்ஸ்கோப் போன்ற நேரடிக் காட்சிச் சோனார்கள் உள்ளவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மீன் இரையை நோக்கி வந்து, பார்த்து, கடிக்காமல் திரும்பிப் போவதையும் அவர்கள் எண்ண முடியும். தெளிந்த நீரில் பெரிய இரையை மீன் அணுகி விலகுகிறதா, அல்லது அணுகவே இல்லையா என்பது இரண்டு வேறு விடைகள். முதலாவது சந்தேகத்தையும், இரண்டாவது ஆர்வமின்மையையும் காட்டும். இக்கருவி இல்லாமலும் சோதனை முழுமையானதே. விலை மிகுந்த இந்தப் பொருளைப் புதியவர்கள் இதற்காக வாங்க வேண்டியதில்லை.

ஓர் ஏரியில் அளவைப் பற்றிய முடிவு கைக்கு வந்த பிறகு, அதே குறிப்பேட்டில், அதே முறையில், நீளத்தை மாற்றாமல் நிறத்தை மட்டும் மாற்றி அடுத்த சுற்றைத் தொடங்கலாம். கலங்கலுக்கு மஞ்சட்பச்சை, தெளிவுக்கு வெள்ளை என்ற அறிவுரையும் இதே அளவு பரவலானது. அந்தச் சுற்றில் நீரின் நிறத்தை எழுதிய கட்டம் தட்டின் ஆழத்தைவிட அதிகமாகப் பயன்படும். எனவே பழுப்பு, பச்சை, தேநீர் நிறம் ஆகிய மூன்றையும் முதல் நாளிலிருந்தே தனித்தனிப் பக்கங்களில் எழுதி வாருங்கள்.